பைப்லைன் ஜாயின்ட்டில் ரிப்பேர் வந்தால் எங்கிருந்து தேடுவது

பைப்லைன் வேலையில் தரம் பார்க்கும் க்யூ.சி. ஆளாகவோ வெல்டிங் சூப்பர்வைசராகவோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாநிலம் விட்டு மாநிலம் போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களைப் பற்றித்தான் பேச்சு. ரிஃபைனரிக்குள் ஓடும் பிராசஸ் பைப்பிங்குக்கு விதியும் வேறு, பழக்கமும் வேறு. கையால் ராடு பிடித்து, மேலிருந்து கீழாக இழுக்கும் வெல்டிங்கையே எடுத்துக்கொள்கிறேன். பெரிய லைன்களில் மெஷின் வெல்டிங் வந்துவிட்டது. ஆனாலும் டை-இன் (இரண்டு லைனை இணைக்கும் ஜாயின்ட்), ரிப்பேர், மலைச்சரிவு, சின்ன சைஸ் பைப் எல்லாம் இன்னும் கையை நம்பித்தான் நடக்கின்றன.

ஆர்.டி. (கதிர்ப்படச் சோதனை) ரிப்போர்ட்டில் ரிப்பேர் என்று வந்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன டிஃபெக்ட்?" என்றுதான். அது போதாது. கூடவே இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: பைப்பில் எத்தனை மணி இடத்தில்? எந்த பாஸில், அதாவது எந்த அடுக்கு வெல்டில்? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி நேரம் காரணம் தானாக வெளியே வந்துவிடும். தெரியாவிட்டால் ஆம்பியரைக் கூட்டு, குறை, ராடு கம்பெனியை மாற்று, வெல்டரை மாற்று என்று இருட்டில் கல்லெறிய வேண்டியதுதான்.

ஃபிலிமைக் கடிகாரமாக்குங்கள்

பைப்பின் உச்சி 12 மணி, அடி 6 மணி. பெரும்பாலான வேலைகளில் ஆர்.டி. எடுக்கும்போது ஈய எண் பதித்த பட்டையை உச்சியில் பூஜ்யமாக வைத்து, எரிவாயு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலச்சுற்றாக வரும்படி சுற்றுவார்கள். எண்கள் சென்டிமீட்டரில் இருக்கும். உங்கள் வேலையில் எப்படி என்பதை ஆர்.டி. புரொசீஜரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

24 அங்குல பைப்பின் வெளிவிட்டம் 610 மி.மீ. சுற்றளவு 1,916 மி.மீ. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 16 செ.மீ. ரிப்போர்ட்டில் 80 என்று இருந்தால் 5 மணி. 112 என்று இருந்தால் 7 மணி. இவை இரண்டும் ஒரே உயரம், வேறு வேறு பக்கம். ஒரு ஜாயின்ட்டை இரண்டு வெல்டர்கள் ஆளுக்கொரு பக்கமாக 12-லிருந்து 6-க்கு இறக்குவதால், 80-ல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு ஆளின் சிக்கல் என்று சந்தேகிக்கலாம். 80-லும் 112-லும் சேர்ந்து வந்தால் ஆளைத் திட்டிப் பயனில்லை. இடத்திலோ, இரு பைப் முனையையும் பொருத்தி நிறுத்தும் ஃபிட்-அப்பிலோ ஏதோ இருக்கிறது.

ஒரு லைனில் இப்படித்தான் நாள்தோறும் 5 மணிக்கும் 7 மணிக்கும் ரூட்டில், அதாவது உட்பக்கமாகப் போடும் முதல் பாஸில், பெனட்ரேஷன் (உலோகம் உள்சுவர் வரை உருகி இறங்குவது) குறைவு வந்துகொண்டிருந்தது. ஆம்பியர் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், ராடு பேட்ச்சை மாற்றினார்கள். கடைசியில் ஒருநாள் வெல்டர் பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "அண்ணே, அஞ்சு மணிக்குக் கீழ வந்ததும் ராடு கோணம் ஏன் மாறுது?" என்று கேட்டேன். "தலையே உள்ள போக மாட்டேங்குது தம்பி. ஹெல்மெட் தரையில இடிக்குது. பார்க்காமதான் இழுக்குறேன்" என்றார். மரக்கட்டை அடுக்கு, அதாவது ஸ்கிட், ஒரு கட்டை குறைவாக இருந்தது. பைப்லைன் வெல்டிங்குக்கான ஏ.பி.ஐ. 1104 கோடு, அதாவது விதிநூல், தரைக்கு மேல் வெல்டிங் செய்யும்போது ஜாயின்ட்டைச் சுற்றி 400 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது. ஒரு கட்டை கூடுதலாக வைத்ததும் அந்த ரிப்பேர்கள் நின்றன. ஆகவே உங்கள் பையில் டேப் இருக்கட்டும். ஸ்கிட் உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.

ஆர்க் அடிப்பதற்கு முன்னால்

ரூட்டில் வரும் ரிப்பேர்களில் பெரும்பகுதி ஃபிட்டரிடம் பிறந்து வெல்டர் தலையில் விழுபவை. அதனால் தேடலை எப்போதும் ஃபிட்-அப்பில் தொடங்குங்கள்.

பைப் முனையைச் சாய்வாகச் சீவிய பெவலின் கோணம் ஒரு பக்கத்துக்கு 30 டிகிரி, இரு முனையும் சேர்ந்தால் 60. ரூட் ஃபேஸ் (பெவலின் அடியில் சீவாமல் விட்ட தட்டை விளிம்பு) 1.6 மி.மீ., ரூட் இடைவெளியும் 1.6 மி.மீ. வாக்கில். இதுதான் செல்லுலோஸ் ராடால் மேலிருந்து கீழாக இழுக்கும் முறைக்குப் பொதுவான அளவு. உங்கள் வேலைக்கு டபிள்யூ.பி.எஸ். (எழுதிவைத்த வெல்டிங் முறை) சொல்வதே இறுதி. ரூட் ஃபேஸ் அரை மில்லி தடித்தாலே பெனட்ரேஷன் திணறும். அரை மில்லி மெலிந்தால் ஓட்டை விழும். லாரியில் இறக்கும்போது நசுங்கிய பெவலைக் கண்ணால் பார்த்துக் கிரைண்டரால் சரிசெய்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் ரூட் ஃபேஸ் எவ்வளவு என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அங்கேதான் மறுநாள் ரிப்போர்ட் வரும்.

அடுத்து ஹை-லோ. இரண்டு பைப்பின் உள்சுவர்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்பது. ஒரே தடிமன் பைப்களுக்கு 3 மி.மீ. வரை ஏ.பி.ஐ. 1104 அனுமதிக்கிறது, கம்பெனி ஸ்பெக் பெரும்பாலும் அதைவிடக் கெடுபிடியாக இருக்கும். பைப் முழு வட்டமாக இல்லாததால்தான் ஹை-லோ வருகிறதென்றால், அதை ஒரே இடத்தில் குவியவிடாமல் சுற்றளவு முழுக்கப் பகிர்ந்துவிட வேண்டும். வெளியிலிருந்து கேஜ் வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியும் இடம் உள்ளே மோசமாக இருக்கலாம், ஏனென்றால் தடிமனும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். உள்ளே நுழையும் கொக்கி வைத்த ஹை-லோ கேஜைப் பயன்படுத்துங்கள். குறைந்தது 12, 3, 6, 9 மணிகளில் அளந்து, அதைச் சுண்ணாம்புக் கட்டியால் பைப் மேலேயே எழுதிவிடுங்கள். நாளை வாக்குவாதம் வந்தால் அந்த எழுத்துதான் சாட்சி.

இரு முனையையும் நேராகப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் எப்போது கழற்றப்பட்டது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வெளிக் கிளாம்ப் என்றால் ரூட் பாதியாவது, அதுவும் சுற்றிலும் சம இடைவெளியில் துண்டு துண்டாக, போட்டு முடிந்திருக்க வேண்டும். உள் கிளாம்ப் என்றால், பைப் அசையாது என்ற உறுதி இல்லாதவரை ரூட் முழுதும் முடிந்தபிறகே காற்றை இறக்க வேண்டும். அவசரத்தில் முன்னதாகவே எடுத்துவிட்டு அடுத்த பைப்புக்குப் போய்விடும் குழுக்கள் உண்டு.

காலைப் பனி ஈரம், மழைத்தூறல், பூச்சு மிச்சம், துரு: இவை எல்லாமே காற்றுக்குமிழுக்கு வழி. பெவலின் உள்ளும் புறமும் ஒரு அங்குலத்துக்குப் பளபளப்பாக இருக்க வேண்டும். சூடேற்றும் கேஸ் டார்ச்சைக் காட்டிய உடனே பைப் மேல் ஈரம் பூத்து மறையும். அது ஈரம் போய்விட்டதற்கு அடையாளமில்லை, கேஸ் எரிவதால் வரும் நீராவி குளிர்ந்த இரும்பில் படிவதுதான். தொடர்ந்து காட்டுங்கள்.

ரூட்: காதையும் பயன்படுத்துங்கள்

ரூட் பாஸுக்கு 6010 செல்லுலோஸ் ராடுதான் இந்த வேலையின் அடிப்படை. பூச்சில் உள்ள செல்லுலோஸ் எரிந்து வாயுவாகி, ஆர்க்கைப் பைப்புக்குள் தள்ளுகிறது. நல்ல வெல்டர் ராடை இடைவெளியில் அழுத்தி இழுக்கும்போது முன்னால் சின்னதாக ஒரு கீஹோல் திறந்தபடி நகரும். ஆர்க்கின் சீறல் பைப்புக்குள்ளிருந்து கேட்கும். சீறல் உள்ளிருந்து வராமல் வெளியில் மட்டும் கேட்டால் அந்த இடத்தில் பெனட்ரேஷன் போகவில்லை என்று பொருள். புதியவர்கள் கறுப்புக் கண்ணாடிக்குள் பார்க்கத் தெரியும்வரை காதால் கவனிக்கப் பழகுவது நல்லது.

பெனட்ரேஷன் இல்லாத இடம் ஃபிலிமில் நடுவே, ஓரம் வெட்டினாற்போல நேர்கோடாகக் கறுப்பாக விழும். ஒரு விளிம்பு மட்டும் உருகாமல் இருந்தால் அது பெரும்பாலும் ஹை-லோவோடு சேர்ந்து வருவது. ஏ.பி.ஐ. கோடு இவை இரண்டையும் வேறாகத்தான் நடத்துகிறது: ஹை-லோ இல்லாதது ஒரு துண்டு 25 மி.மீ. வரைதான், ஹை-லோவால் வந்தது 50 மி.மீ. வரை. தொடர்ச்சியான 300 மி.மீ. நீளத்துக்குள் மொத்தம் முறையே 25, 75. எனவே ரிப்போர்ட்டில் இரண்டில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலாவது என்றால் இடைவெளி, ரூட் ஃபேஸ், ஆம்பியர் பக்கம் போங்கள். இரண்டாவது என்றால் ஃபிட்டரிடம் போங்கள்.

6 மணிப் பக்கம் நடுவே அகலமாக, ஓரம் மங்கிய கறுப்புப் பட்டை தெரிந்தால் அது உள்குழிவு. அடிப்பக்கத்தில் உருகிய உலோகம் தன் எடையால் வெளிப்பக்கமாகத் தொங்குவதால் உள்ளே பள்ளம் விழுகிறது. ஆர்க் நீளமும் ஆம்பியரும் கூடியிருக்கும், அல்லது ராடை அழுத்தாமல் தளர்த்தியிருப்பார். இதற்கு நீள வரம்பு கிடையாது. அந்த இடத்தின் கறுப்பு, பக்கத்திலுள்ள பைப் சுவரின் கறுப்பைவிட அதிகமாகக்கூடாது, அவ்வளவே. இது தெரியாமல் நல்ல ஜாயின்ட்டைத் தோண்டும் புது இன்ஸ்பெக்டர்களைப் பார்த்திருக்கிறேன். தோண்டி மறுபடி நிரப்பிய இடம், தோண்டாமல் விட்ட இடத்தைவிட மோசமாக முடிவதும் உண்டு.

உச்சிப் பக்கம் வந்தால் கதை தலைகீழ். அங்கே உலோகம் உள்ளே இறங்கும். துளியாகத் தொங்கும், அல்லது ஓட்டையாகிவிடும். பர்ன்-த்ரூ ஃபிலிமில் உருண்டையான கறுப்புப் பொட்டாக, பெரும்பாலும் ஒரு ராடு முடிந்து அடுத்தது தொடங்கிய இடத்தில் இருக்கும். நிறுத்திய முனையைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் ரூட் ரிப்பேரை நிறையக் குறைக்கும்.

ஹாலோ பீட் என்ற ஒன்று செல்லுலோஸ் ராடுக்கே உரிய நோய். ரூட்டின் நடுவே நீளவாக்கில் காற்றுக்குழல் ஓடும். வெளியே பார்த்தால் பீட் அழகாக இருக்கும், கிரைண்டிங்கிலும் தப்பிவிடும், ஃபிலிமில்தான் தெரியும். ஆம்பியரையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டி ஓட்டும்போது வாயு வெளியேறுவதற்குள் உலோகம் உறைந்துவிடுகிறது. ஒரு துண்டு 13 மி.மீ., 300-க்குள் மொத்தம் 50 மி.மீ. என்பது வரம்பு. ரூட்டுக்கு மட்டும் ராடை நெகட்டிவில் வைத்து ஓட்டினால் இது குறையும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் டபிள்யூ.பி.எஸ்ஸில் அப்படித் தகுதி பெற்றிருந்தால் மட்டுமே செய்யலாம். கேபிளை மாற்றிச் சொருகுவது சின்ன வேலை என்பதால் யாரும் பார்க்காதபோது நடக்கும். மெஷினில் எது எங்கே சொருகியிருக்கிறது என்று போகும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள்.

திருச்சிப் பக்கம் பாய்லர் வேலையில் தேறிய வெல்டர்கள் பைப்லைனுக்கு வரும்போது முதலில் தடுமாறுவதை நீங்கள் பார்ப்பீர்கள். டிக் (ஆர்கான் வாயுவில் செய்யும் வெல்டிங்) ரூட்டும் 7018 ராடும் கீழிருந்து மேலாக நிதானமாக ஏற்றிப் பழகிய கை அது. இங்கே ராடை அழுத்தி, ஓடுகிற கசடை (ஸ்லாக்) முந்திக்கொண்டு கீழே இழுக்க வேண்டும். ஆள் திறமையானவர்தான், பழக்கம்தான் வேறு. அவரை நேரே லைனில் விடாமல் வேண்டாத பைப் துண்டுகளில் போதுமான அளவு ஓட்டவிட்டு, டெஸ்ட் எடுத்த பிறகே ஜாயின்ட் கொடுங்கள். ஏற்றுவதும் இறக்குவதும் ஏ.பி.ஐ. கோடின் பார்வையில் வேறு வேறு புரொசீஜர்; ஒன்றில் பாஸானவர் மற்றொன்றில் பாஸானதாகாது.

ஹாட் பாஸ்

ரூட் மேல் உடனே போடும் இரண்டாவது பாஸ்தான் ஹாட் பாஸ். ஃபிலிமில் ரூட்டின் இரு ஓரமும் இணையான இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்தால், அவை வேகன் டிராக்ஸ். செல்லுலோஸ் ரூட் பீட் நடுவில் புடைத்து, ஓரத்தில் பள்ளமாக உறையும். அந்தப் பள்ளத்தில் கசடு ஒட்டிக்கொள்ளும். தேய்த்து எடுக்காமல், போதிய சூடில்லாமல் ஹாட் பாஸ் போட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். ரூட்டின் முதுகைத் தட்டையாகத் தேய்த்து, ஓரக்கோடுகள் தெரிந்து மறையும்வரை கிரைண்டிங் செய்ய வேண்டும். அளவுக்கு மீறித் தேய்த்தால் ஹாட் பாஸ் ரூட்டைத் துளைத்துவிடும். கிரைண்டர் பிடிப்பவர் பெரும்பாலும் குழுவிலேயே இளையவர். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள்.

நேரமும் முக்கியம். ரூட் முடிந்து ஹாட் பாஸ் தொடங்க அதிகபட்சம் எத்தனை நிமிடம் என்று டபிள்யூ.பி.எஸ்ஸில் இருக்கும், 5 முதல் 10 நிமிடம் என்பது வழக்கம். இதை நீட்டினால் புரொசீஜரே செல்லாது என்று ஏ.பி.ஐ. 1104 சொல்கிறது. காரணத்தை விரிசல் பகுதியில் சொல்கிறேன்.

ஃபில்லிங், கேப்பிங்

இங்கே சொல்ல அதிகமில்லை. கசடு தங்கினால் பாஸுக்கிடையே பிரஷ் சரியாகப் போகவில்லை. ஓரத்தில் ஒட்டாமல் விட்டால் ராடு கோணம். 2-லிருந்து 4 மணி வரையும், எதிர்ப்பக்கம் 8-லிருந்து 10 வரையும் வெல்ட் மெலிந்து நிற்கும், ஏனென்றால் செங்குத்தான இடத்தில் ராடு வேகமாக இறங்கும். அங்கே ஸ்ட்ரிப்பர் பாஸ் போட்டுச் சமப்படுத்திவிட்டுத்தான் மேலே மூடும் கடைசி பாஸான கேப்பிங்குக்குப் போக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் 3 மணியில் அண்டர்கட்டும் (வெல்டின் ஓரத்தில் பைப் அரிபட்ட பள்ளம்) நிரம்பாத பள்ளமும் வரும். அண்டர்கட்டை ஆழமானி வைத்து அளங்கள்: 0.4 மி.மீ. அல்லது சுவர்த் தடிமனில் 6 சதவீதம், இதில் எது குறைவோ அதற்குள் என்றால் பிரச்சினை இல்லை, 0.8 மி.மீ. அல்லது சுவர்த் தடிமனில் 12.5 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் தாண்டினால் நீளம் பார்க்காமலே ரிப்பேர். கேப்பிங் பைப் மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது, 1.6 மி.மீ.க்கு மேல் எழும்பவும் கூடாது.

காற்றுக்குமிழ் வந்தால் ராடு டின்னைப் பாருங்கள். 7018 போன்ற லோ-ஹைட்ரஜன் ராடை 300 முதல் 350 டிகிரியில் சுட்டு, சூடான குடுவையில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். இதையே நல்ல பழக்கம் என்று நினைத்து 6010-ஐயும் ஓவனில் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். செல்லுலோஸ் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அது வற்றினால் ஆர்க் வலுவிழந்து குமிழ் போடும். மே மாத வெயிலில் லாரி மேல் திறந்தே கிடந்த டின்னும் ஓவனில் வைத்ததற்குச் சமம்தான்.

ஆர்க் நிற்காமல் விலகினால்

சில ஜாயின்ட்டில் எந்த வெல்டர் வந்தாலும் ஆர்க் ஒரு பக்கமாகவே தெறிக்கும். பைப்பில் காந்தம் தங்கியிருக்கிறது. காந்தக் கிரேனில் தூக்கிய பைப், காந்த முறையில் சோதித்த பைப், உள்ளே பிக் (லைனைச் சுத்தம் செய்ய, சோதிக்க ஓடவிடும் கருவி) ஓடிய பழைய லைனில் வெட்டி இணைக்கும் டை-இன் எல்லாவற்றிலும் இதை எதிர்பார்க்கலாம். காந்த அளவு காட்டும் காஸ் மீட்டரைத் தனிப் பைப் முனையில் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரண்டு முனையும் நெருங்கியதும் காந்தப்புலம் இடைவெளியில் குவிந்து பல மடங்காகும். ஃபிட்-அப் செய்த பிறகு இடைவெளியிலேயே அளங்கள். 20 காஸ் வாக்கில் தொந்தரவு தெரியத் தொடங்கும். 40 தாண்டினால் ரூட் போடுவது பெரும்பாடு.

முதலில் எர்த் கிளாம்ப்பை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால் வெல்டிங் கேபிளை ஜாயின்ட்டின் பக்கத்தில் பைப்பைச் சுற்றிச் சில சுற்று சுற்றி, டி.சி. ஓட்டி, மீட்டரைப் பாருங்கள். அளவு ஏறினால் சுற்றும் திசையை மாற்றுங்கள். குறைந்த நிலையில் அப்படியே வைத்துக்கொண்டு ரூட்டைப் போடலாம். ரூட் இரு முனையையும் பிணைத்துவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விரிசல்

மற்றவை எல்லாம் பணச்செலவு. இது ஆபத்து. ராடை நிறுத்திய இடத்துக் குழியில் வரும் 4 மி.மீ.க்கு உட்பட்ட நட்சத்திர விரிசலைத் தவிர வேறு எந்த விரிசலுக்கும் கோடில் அனுமதி இல்லை.

பைப்லைனில் பயப்பட வேண்டியது ஹைட்ரஜன் விரிசல். மூன்று சேர்ந்தால் வரும்: உலோகத்தில் ஹைட்ரஜன், கடினப்பட்ட உலோக அமைப்பு, இழுவிசை. செல்லுலோஸ் ராடு 100 கிராம் வெல்ட் உலோகத்தில் 30 மில்லிக்கும் மேல் ஹைட்ரஜனை விட்டுச்செல்லும். நன்றாகச் சுட்ட லோ-ஹைட்ரஜன் ராடில் அது 10-க்குள். பழைய எக்ஸ் 52 ரகப் பைப்பில் செல்லுலோஸ் ராடு பொறுத்துக்கொள்ளப்பட்டது. எக்ஸ் 70 போல வலுக் கூடிய பைப்பில், சுவரும் தடித்தால், வெல்ட் சீக்கிரம் குளிர்ந்து கடினப்படும். ஓரத்தில் உள்ள இழுவிசையும் கூடும். எக்ஸுக்குப் பின்னால் வரும் எண், ஆயிரம் பி.எஸ்.ஐ. கணக்கில் பைப்பின் குறைந்தபட்ச ஈல்டு வலிமை. எக்ஸ் 70 என்றால் 485 மெகா பாஸ்கல்.

இப்போது ஹாட் பாஸ் அவசரம் புரியும். ரூட் மட்டும் இருக்கும்போது மெல்லிய ஒரு பீட், முழுப் பைப்பின் எடையையும் தாங்குகிறது, உள்ளே ஹைட்ரஜன் நிறைந்து. சூடு ஆறுவதற்குள் ஹாட் பாஸ் விழுந்தால் ரூட் மறுபடி சூடாகி, கடினம் தணிந்து, ஹைட்ரஜன் வெளியேற வழி கிடைக்கும். அதுவரை பைப்பை அசைக்கக்கூடாது. சைடுபூம் (பைப் தூக்கும் பக்கவாட்டுக் கிரேன்) ஆபரேட்டர் ஸ்கிட் சரிசெய்யக் கொஞ்சம் தூக்கினார் என்ற ஒன்றே ரூட்டை நீளமாகக் கிழிக்கப் போதும். விரிசல் வந்த ஜாயின்ட்டில் முதலில் விசாரிக்க வேண்டியது வெல்டரை அல்ல, சைடுபூம் எங்கே நின்றது, கிளாம்ப் எப்போது எடுக்கப்பட்டது, இடையில் டீக்கு நிறுத்தினார்களா என்பதைத்தான்.

ப்ரீஹீட்டில் ஏமாற்றம் எளிது. செல்லுலோஸ் ராடால் எக்ஸ் 65, எக்ஸ் 70 போடும்போது 100 டிகிரிக்கு மேல் கேட்பது வழக்கம். டார்ச் காட்டிய இடத்திலேயே உடனே டெம்ப் ஸ்டிக்கால் (குறித்த சூட்டில் உருகும் கட்டி) கோடு போட்டால் உருகத்தான் செய்யும். தீயை எடுத்து, சூடு சுவர் முழுக்கப் பரவக் கொஞ்சம் நேரம் விட்டு, ஜாயின்ட்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி, 6 மணியிலும் கோடு போட்டுப் பாருங்கள். உச்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது அடி வெறும் வெதுவெதுப்பாக இருப்பது சாதாரணம், குறிப்பாகக் காற்று வீசும் நாளில்.

வேலை முடியும் நேரத்தில் பாதியில் நிற்கும் ஜாயின்ட்டையும் கவனியுங்கள். ரூட்டும் ஹாட் பாஸும் மட்டும் போட்டு இரவு விட்டுவிட்டுப் போவது விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. எத்தனை பாஸ் முடிந்தால் நிறுத்தலாம் என்று ஸ்பெக்கில் இருக்கும். முடிக்க நேரமில்லை என்றால் தொடங்கவே வேண்டாம். மழை வந்தால் வெப்பப் போர்வையால் மூடி மெல்ல ஆறவிடுங்கள்.

இந்த விரிசல் உடனே வராது. மணிக்கணக்கில், சிலசமயம் ஓரிரு நாள் கழித்தும் திறக்கும். மெல்லிய விரிசல் கதிர் வரும் திசைக்கு ஏற்ப நிற்காவிட்டால் ஃபிலிமில் தெரியாமலும் போகும். அதனால்தான் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) பார்க்காத கோல்டன் டை-இன் ஜாயின்ட்டுகளுக்கு ஆர்.டி.யோடு அல்ட்ராசோனிக்கும் கேட்கிறார்கள், அதுவும் ஆறிய பிறகு நேரம் விட்டு.

ஆர்க் ஸ்ட்ரைக் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெவலுக்கு வெளியே பைப் மேல் ராடு தட்டிய சின்னப் பொட்டு, எர்த் கிளாம்ப் தளர்ந்து பொறி தட்டிய இடம், இரண்டும் கண்ணாடிபோலக் கடினமான புள்ளிகள். மேலாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போய்விட்டதாக ஆகாது. அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசலைத் தடவிப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் இன்னும் இருக்கிறது. தேய்த்துக்கொண்டே போய்க் குறைந்தபட்சச் சுவர்த் தடிமனைத் தாண்டும் நிலை வந்தால் அந்தத் துண்டையே வெட்ட வேண்டும்.

ரிப்பேர் செய்யும்போது

ஃபிலிமை ஜாயின்ட் மேலேயே வைத்து டிஃபெக்டின் இரு முனையையும் குறியுங்கள். ரிப்போர்ட் எண்ணை மட்டும் நம்பித் தோண்டி, நல்ல இடத்தைத் தோண்டியவர்கள் உண்டு; பட்டை சில சென்டிமீட்டர் நழுவியிருந்தாலே போதும். தோண்டும்போது பாஸ் பாஸாகப் போங்கள். எந்த ஆழத்தில் கசடோ குமிழோ கண்ணில் படுகிறது என்று எழுதிவையுங்கள், ஏனென்றால் எந்த பாஸில் பிறந்தது என்பதற்கு ஃபிலிம் பதில் சொல்லாது, பள்ளம் சொல்லும். ஒன்றுமே படாமல் ரூட் வரை போய்விட்டால் நிறுத்தி, ஃபிலிமை மறுபடி பாருங்கள். டிஃபெக்ட் போய்விட்டதா என்று டை பெனட்ரண்டோ மேக்னெடிக் பார்ட்டிக்கிளோ வைத்து உறுதிசெய்த பிறகே நிரப்ப வேண்டும்.

ரிப்பேர் வெல்ட் குட்டையானது, சுற்றிலும் ஆறிய கனத்த உலோகம். ஆகவே புது ஜாயின்ட்டைவிடச் சீக்கிரம் குளிரும். ரிப்பேருக்குத் தனி புரொசீஜர், பெரும்பாலும் லோ-ஹைட்ரஜன் ராடு, கூடுதல் ப்ரீஹீட் வைப்பது இதனால்தான். குழிக்கு மட்டும் டார்ச் காட்டாமல் சுற்றிலும் அகலமாகக் காட்டச் சொல்லுங்கள்.

வாரக் கடைசியில் ரிப்பேர்களைப் பெயர்வாரியாக மட்டும் பட்டியலிடாமல், ஒரு தாளில் கடிகார வட்டம் வரைந்து ஒவ்வொன்றையும் அதன் மணியில் புள்ளியாக வையுங்கள். ரூட்டுக்கு ஒரு நிறம், ஹாட் பாஸுக்கு ஒன்று, மேலே உள்ளவற்றுக்கு ஒன்று. ரிப்பேர் சதவீதத்தை ஜாயின்ட் கணக்கில் சொல்கிறார்களா, நீளக் கணக்கில் சொல்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 100 ஜாயின்ட்டில் 6 ரிப்பேர் என்றால் ஜாயின்ட் கணக்கில் 6 சதவீதம். அதே 24 அங்குல லைனில் ஒவ்வொரு ரிப்பேரும் 10 செ.மீ. என்றால் நீளக் கணக்கில் அரை சதவீதம்கூட வராது. மீட்டிங்கில் யாருக்கு எது வசதியோ அதைச் சொல்வார்கள்.

ஒரே இடத்தில் முதல் ரிப்பேரும் தவறிவிட்டால், மறுபடி தோண்ட உரிமையாளர் தரப்பின் ஒப்புதல் வேண்டியிருக்கும். பல ஸ்பெக்குகளில் நேரே கட்-அவுட்தான். வெட்டும்போது வெல்டையும் அதன் இருபுறமும் சூடு தாக்கிய பகுதியையும் சேர்த்து எடுங்கள். இரு முனையையும் இழுத்து ஒன்றாக்க முடியாவிட்டால் நடுவே துண்டுப் பைப் வரும், அதற்குக் குறைந்தபட்ச நீளம் ஸ்பெக்கில் இருக்கும். புதிதாக வெட்டிய முனையில் லேமினேஷன் (சுவருக்குள் அடுக்காகப் பிளந்திருப்பது) இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக்கில் பார்த்த பிறகு பெவல் போடுங்கள். ஒரு ஜாயின்ட் போன இடத்தில் இரண்டு ஜாயின்ட் வரும். இரண்டுக்கும் புது எண், துண்டுப் பைப்பின் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் செய்த எஃகு என்ற எண்), இரு வெல்டர்களின் குறியீடு எல்லாவற்றையும் அன்று மாலையே பைப் புக்கில் ஏற்றிவிடுங்கள்.